உதட்டில் தெரிந்த நீலம்

ஓய்வுபெற்ற பிறகுதான் கேமரா வாங்கிப் படமெடுக்கக் கற்றேன். பாளையங்கோட்டை வீட்டில், பிறந்து சில நாட்களேயான பேத்தியைப் படமெடுப்பதற்காகப் பனையோலைப் பெட்டிக்குள் சுருட்டிப் படுக்கவைத்தேன். தாடை நெஞ்சில் அழுந்தியதை நான் கவனிக்கவில்லை. கேமராத் திரையில் அவள் உதடு நீலமாகத் தெரிந்தது. வெளிச்சக் கோளாறு என்று நினைத்து நிறத்தைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

"மாமா, பிள்ள மூச்சு விடுதாளா?" என்றாள் மருமகள்.

"சும்மா இரும்மா, நல்லா ஒறங்குதா. அசைஞ்சா படம் போயிரும்."

அவள் என்னைத் தள்ளிவிட்டுப் பிள்ளையை அள்ளினாள். தலை நிமிர்ந்ததும் பேத்தி வீறிட்டு அழுதாள். உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். கழுத்து மடங்கி மூச்சடைத்திருக்கிறது என்றார் மருத்துவர்.

இப்போது அக்கம்பக்கத்தார் கேட்டால், பச்சிளங்குழந்தைகளைத் தாய் மடியில் வைத்தே படமெடுக்கிறேன். நிறம் மாறித் தெரிந்தால் கேமராவை விட்டுவிட்டுக் குழந்தையைத் தொடுகிறேன். பேத்தி பள்ளிக்கூடம் போகிறாள். அவள் உறங்கும்போது, மூக்கருகே இன்றும் விரலை வைத்துப் பார்க்கிறேன்.