பக்கத்து சீட்

கீழ்பென்னாத்தூரிலிருந்து தினமும் லாட்ஜ் வேலைக்கு வரவும், லீவு நாளில் என் மீன்பிடிப் படகை ஏரிக்குக் கொண்டுபோகவும் பழைய வேன் ஒன்று தேடினேன். எட்டடிப் படகு. தனியாக வண்டிமேல் தூக்கிவைக்க முதுகு தாங்காது, உள்ளேதான் போகவேண்டும்.

செங்கம் ரோட்டில் ஒருவர் வேன் விற்பதாகச் சொன்னார்கள். வெள்ளை மீசை, இஸ்திரி போட்ட சட்டை. என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, கிரிவலப் பாதையில் ஓட்டிக் காட்டினார். மரங்கள் விலகுகிற இடத்திலெல்லாம் தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டார். கழுத்துவலி என்று நினைத்தேன்.

"மலை தெரியுதாங்க?" என்றார்.

"தெரியுதுங்க."

"சுத்தும்போது மலை எப்பவும் டிரைவர் பக்கம்தான் வரும். வீட்டுக்காரம்மாவால நடக்க முடியாது, இதுலதான் சுத்துவோம். 'உங்க மூஞ்சியத்தான் வீட்ல பாக்கறேனே, சாஞ்சிக்கோங்க'னுவா. தை மாசம் போயிட்டா. தலை பழகிப்போச்சு."

திரும்பி வந்ததும் என் படகு எட்டடி என்றேன்; அவர் டேப் வைத்து அளந்தார். நான் உட்கார்ந்து வந்த சீட்டைக் கழற்றினால்தான் படகு நுழையும்.

"கழட்டிடலாங்க, வண்டி விக்கணும்ல" என்று அவரே ஸ்பேனரோடு குனிந்தார். மூன்று போல்ட்டைக் கழற்றினார். நாலாவதில் ஸ்பேனரை மாட்டிவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"வேணாங்க, நான் வேற வண்டி பாத்துக்கறேன்" என்றேன்.

"அப்ப இந்த மூணையும் முடுக்கிட்டுப் போறீங்களா?"

நான் முடுக்கி முடிக்கும்வரை, யாரோ அதில் உட்கார்ந்திருப்பதுபோல, சீட்டை ஆடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.