கைச்சக்கரத்துக்கு ஒரே பெயர்

புலவர் என்று அவனுக்குப் பெயர் வைத்தது அலுவலகத்தில்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டோடு சரி. டீ கொண்டுவருகிறவர் முதல் மேலாளர் வரை எல்லோருக்கும் அவன் புலவர். கேலியாகத்தான் வைத்தார்கள். ஆனால் அவனுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்றிருந்தது. அவன் வம்சத்தில் அதற்கு முன் கல்லூரி வாசலை மிதித்தவர் யாரும் இல்லை. தமிழ் இலக்கியத்தில் பட்டம் வாங்கி, அந்தப் பட்டத்தை நம்பி ஓர் ஆபீஸ் அவனுக்கு மின்விசிறிக்குக் கீழே நாற்காலி போட்டுக் கொடுத்திருக்கிறது. புலவர் என்று கூப்பிட்டால் கூப்பிட்டுவிட்டுப் போகட்டுமே!

அது மொழிபெயர்ப்பு அலுவலகம். மருந்துக்கடைக்கு மேலே இரண்டே அறை. முன்னறையில் மருத்துவக் கையேடுகளைப் பார்க்கும் அக்கா இருந்தார். ஊசியைப் பார்த்தாலே மயங்கிவிழும் அவருக்கு டாக்டரம்மா என்று பெயர். பின்னறை இயந்திரங்களுக்கானது. அங்கேதான் புலவர். துணி துவைக்கும் மெஷின், மாவரைக்கும் மெஷின், தண்ணீர் சுத்தம் செய்யும் மெஷின் எல்லாம் அவன் கையால் தமிழ் பேசின.

வேலைக்குச் சேர்ந்து அவனுடைய சோதனைக்காலம் முடியப்போகும் நேரத்தில் லிஃப்ட் கம்பெனி வந்தது. கரண்ட் போய் லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டால், மொட்டைமாடி மோட்டார் அறைக்குப் போய்க் கையாலேயே அதைத் தளத்துக்குக் கொண்டுவருவது எப்படி என்று சொல்லும் ஓர் அட்டை. அறைச் சுவரில் ஒட்டுவதற்கு. இது தேறினால் கம்பெனியின் மொத்தக் கையேடுகளும் இந்த அலுவலகத்துக்கு, நாற்காலி புலவருக்கு நிரந்தரம். தேறாவிட்டால் இரண்டும் இல்லை என்று மேலாளர் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார்.

கம்பெனி இன்ஜினியருக்கு ஒரு வழக்கம் இருந்தது. அட்டையை எழுதியவர் லிஃப்டுக்குள் நிற்க வேண்டும். லிஃப்டை இரண்டு மாடிக்கு நடுவில் நிறுத்திவிடுவார். மோட்டார் அறையை எட்டிக்கூடப் பார்த்திராத ஒருவர் கையில் அட்டையைக் கொடுப்பார். ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ள இன்ஜினியர் பக்கத்திலேயே நிற்பார், ஆனால் வாய் திறக்கமாட்டார். மேலே பேசுவது லிஃப்டுக்குள் ஒலிபெருக்கியில் கேட்கும். உள்ளே இருப்பவர் காதால் கேட்கலாம், பதில் சொல்லக் கூடாது.

புலவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சரி என்றான். அட்டை மேல் அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை. கல்லூரியில் ஒரு கட்டுரையில் ஒரே சொல்லை இரண்டாம் முறை எழுதாமல் முடித்ததற்காகப் பேராசிரியர் அதை வகுப்பில் வாசித்துக் காட்டியிருக்கிறார். அந்தக் கைவண்ணத்தை இந்த அட்டையிலும் காட்டியிருந்தான். ஊரிலிருந்து அப்பாவை வேறு வரச்சொல்லியிருந்தான், தான் ஜெயிப்பதைக் கண்ணால் பார்க்கட்டும் என்று.

அப்பா வந்து, சோதனை நடக்கும் கட்டடத்தில் கீழே காவலாளியின் ஸ்டூலில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காவலாளிதான் மேலே போயிருந்தார், அட்டையோடு.

இரண்டு மாடிக்கு நடுவில் நின்ற லிஃப்டுக்குள் புலவர் காதைத் தீட்டிக்கொண்டான். தொடக்கம் நன்றாகத்தான் இருந்தது. மெயின் சுவிட்சை அணைத்ததும், கதவு மூடியிருப்பதை உறுதிசெய்ததும் ஒலிபெருக்கியில் தெளிவாகக் கேட்டது. பிறகு காவலாளி, "தடை நெம்புகோலை இழுத்துப் பிடித்தவாறே கைச்சக்கரத்தை அம்புக்குறித் திசையில் சுழற்றவும்" என்று படித்தார். லிஃப்ட் லேசாக அசைந்தது. புலவர் தனக்குத்தானே தலையாட்டிக்கொண்டான்.

"அடுத்து... விடுவிப்பானைத் தளர்த்தாது, திகிரியை மெல்லத் திருப்பவும்." அட்டையைத் திருப்பிப் பார்க்கும் சத்தம். "சார், இந்த விடுவிப்பான் எது சார்?"

இன்ஜினியரிடமிருந்து பதிலே இல்லை.

"சரி, அத விடுங்க. கைச்சக்கரம் கையில இருக்கு. திகிரின்னு ஒண்ணு சின்னதா இங்கதான் எங்கயாச்சும் இருக்கணும். இருங்க, தேடுறேன்."

தேடுவதற்காக அவர் கையை எடுத்தார். பிரேக் பிடித்து, லிஃப்ட் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. மேலே தகரப் பெட்டிகளை நகர்த்தும் சத்தம். விடுவிப்பான் நெம்புகோல்தான், திகிரி கைச்சக்கரம்தான், எல்லாம் ஒன்றுதான் என்று கத்த வேண்டும்போல் இருந்தது புலவருக்கு. உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டான். லிஃப்டுக் கண்ணாடியில் தன் முகத்தைத் தானே பார்க்க வேண்டிய நிலைமை. கட்டுரையில் அலங்காரமாக இருந்தது, இங்கே ஒரு மனுஷனைத் தகரப் பெட்டிக்குப் பின்னால் அலையவிட்டிருக்கிறது.

இன்ஜினியரே லிஃப்டை இறக்கினார். கோபப்படவில்லை. "தமிழ் ரொம்ப அழகா இருக்கு சார்," என்றார். "ஆனா மேல இருக்கிறது நாலு சாமான். உங்க அட்டையில ஏழு இருக்கு." அடுத்த வாரம் இன்னொரு முறை பார்க்கலாம், அதுதான் கடைசி என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்பாவை ஊர் பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன் என்றான் புலவர். அவர் அசையவில்லை. "நான் போனா கேக்கிறவனுக்கு என்னடா சொல்றது? நடுவுல தொங்கிக்கிட்டு இருக்கான்னா? நீ முடி, அப்புறம் போறேன்." அந்த வாரம் முழுக்க மகனின் ஒண்டிக் குடித்தன அறையில் பாய் போட்டுக்கொண்டார்.

புலவர் அகராதியை மூடிவைத்துவிட்டுத் தெருவில் இறங்கினான். கையால் சுற்றும் சக்கரத்தை யார் யார் என்னவென்று சொல்கிறார்கள் என்று ஒவ்வொரு தொழிலாகப் போய்க் கேட்டான். அச்சகத்தில் வீல் என்றார்கள். குடிநீர் நிலையத்தில் பெரிய குழாய்களை மூடித் திறப்பவர்கள் கைச்சக்கரம் என்றார்கள். கிரேன் ஓட்டுகிறவர் பிரேக்கை விடுவிக்கும் தண்டைப் பிரேக் கைப்பிடி என்றார். நெம்புகோல் என்றால் அவருக்கு மூலையில் சாத்திவைத்திருக்கும் கம்பி.

பட்டறைக்குப் பட்டறை பெயர் மாறியது. ஆனால் ஒரு பட்டறைக்குள் ஒரு சாமானுக்கு ஒரே பெயர்தான். வேறு பெயர் சொன்ன புது ஆளுக்கு மேஸ்திரியிடம் வசவு விழுந்ததை அவனே பார்த்தான். ஒரு சொல் கிடைத்ததும் அதை இன்னொரு தொழில்காரரிடம் கொண்டுபோய்ச் சொல்லி, அவர் கை எந்தப் பக்கம் போகிறது என்று கவனித்தான். கைச்சக்கரம் என்றதும் எல்லோர் கையும் வட்டத்தைத் தேடிப் போயிற்று. அதை வைத்துக்கொண்டான். தடை என்றதும் பாதிப்பேர் கையை விரித்தார்கள். வேறு வழியில்லாமல் பிரேக்குக்கு இடம் கொடுத்தான்.

ஆனால் திகிரியை அடிக்கத்தான் கை வரவில்லை. அந்தச் சொல்லுக்காகக் கல்லூரியில் கைதட்டு வாங்கியவன் அவன். டாக்டரம்மா எட்டிப்பார்த்து, "என்ன புலவரே, திகிரிக்குப் பிரிவு உபசார விழாவா?" என்றார். சிரித்துக்கொண்டே அடித்தான். சொல் எங்கும் போய்விடாது, கவிதையில் இருக்கட்டும். மோட்டார் அறையில் அதற்கு வேலை இல்லை.

புதிய அட்டையை இராத்திரிகளில் தன் அறையில் உரக்கப் படித்துப் பார்த்தான். பிரேக் கைப்பிடி, கைச்சக்கரம், மறுபடி பிரேக் கைப்பிடி, மறுபடி கைச்சக்கரம். முதலில் காது கூசியது. பேராசிரியர் கேட்டால் எழுந்து போய்விடுவார். படிக்கப் படிக்க, அது தாளம் தட்டுவதுபோல் ஆகிவிட்டது. பாயில் படுத்திருந்த அப்பாவின் கால் கட்டைவிரல் அதற்கேற்ப ஆடியதை அவன் கவனிக்கவில்லை.

இன்னொன்றும் செய்தான். அட்டையில் என்ன பெயரோ அதே பெயரை அதே எழுத்தில் அந்தந்தச் சாமான் மேலேயும் ஒட்ட வேண்டும் என்று இன்ஜினியரிடம் போய் நின்றான். இத்தனை அட்டை போட்டும் இது ஏன் நமக்குத் தோன்றவில்லை என்று இன்ஜினியர் தலையைச் சொறிந்துகொண்டே ஒட்டச் சொன்னார்.

இரண்டாம் சோதனைக்கு மேலே போனது கட்டடத்தைப் பெருக்கும் அக்கா. எட்டாவது வரை படித்தவர். லிஃப்ட் கதவு மூடப்போகும்போது அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்துவிட்டார்.

"ஐயா, நீங்க வெளிய இருங்க," என்றார் இன்ஜினியர். "எழுதினவர் மட்டும்தான்."

"அவன எழுத வச்சவன் நானு," என்றார் அப்பா. "எம்புள்ள எழுதினதுல நான் ஏறலேன்னா வேற எவன் ஏறுவான்?"

இன்ஜினியர் சிரித்துவிட்டு மாடியேறினார். லிஃப்ட் நடுவில் நின்றது. போன தடவை தொங்கியது நாற்காலி மட்டும்தான். இப்போது அப்பாவும்.

ஒலிபெருக்கியில் அக்காவின் குரல் எழுத்துக்கூட்டி வந்தது. "பிரேக் கைப்பிடியை... இழுத்துப் பிடிக்கவும். ஆங், இந்தா இருக்கு, மேலயே எழுதியிருக்கு." லிஃப்ட் அசைந்தது. அப்பா ஒரு கையால் சுவர்க் கம்பியைப் பற்றிக்கொண்டார். அவர் உதடு அசைந்தது. அடுத்த வரியை அக்கா படிக்கும் முன்பே அவர் முணுமுணுத்தார்: "பிரேக் கைப்பிடியை விடாமல் கைச்சக்கரத்தை மெதுவாகச் சுற்றவும்." புலவர் அவரையே பார்த்தான். எழுத்து தெரியாத மனிதர். ஒரு வாரம் பாயில் படுத்தபடியே அட்டை முழுவதையும் காதாலேயே வாங்கிக்கொண்டிருக்கிறார்.

லிஃப்ட் பூனைபோல இறங்கி நின்றது. கதவு திறந்தபோது, தளத்துக்கும் லிஃப்டுக்கும் ஒரு விரல்கூட உயர வித்தியாசம் இல்லை. மேலேயிருந்து அக்காவின் குரல் கேட்டது. "அவ்ளோதானா சார்? வேற எதுவும் தேட வேணாமா?"

இன்ஜினியர் படியிறங்கி வந்து புலவரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். மற்ற கையேடுகள் திங்கட்கிழமை வரும் என்றார்.

அட்டையைப் பார்க்க வேண்டும் என்று அப்பா மொட்டைமாடிவரை ஏறினார். சுவரில் ஒட்டியிருந்ததை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு, "இதுல உன் பேரு எது?" என்று கேட்டார்.

"பேரு போடமாட்டாங்கப்பா."

அப்பா கைச்சக்கரத்தில் ஒட்டியிருந்த எழுத்தைத் துண்டால் துடைத்தார். அதில் தூசியே இல்லை.

கீழே காவலாளி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அவரை அப்பா விடவில்லை. பை தோளில் தொங்க, மெயின் சுவிட்சிலிருந்து ஆரம்பித்து ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தார். கைச்சக்கரம் வந்த இடத்தில் கையால் சுற்றியும் காட்டினார். காவலாளி அசந்துபோனார்.

"ஐயாவுக்கு நல்லாப் படிக்கத் தெரியும்போல."

"எனக்கு எங்க தெரியும்," என்றார் அப்பா. "எழுதத் தெரிஞ்ச மகன் இருக்கான்."

புலவர் காதில் விழாததுபோலச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான். அது அவன் காலில்தான் இருந்தது.