சாவை ஏமாற்றிய பெயர்

நாலு பேர் சிரிக்கிறார்கள் என்றால் எனக்குத் தலைகால் புரியாது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ஒரு பேச்சு நாக்கு நுனிக்கு வந்துவிட்டால் அதை உள்ளே தள்ள எனக்குத் தெரியாது. "உன் வாய்க்கு ஒரு ஜிப் வெச்சுத் தைக்கணும்டி" என்று என் கணவர் கல்யாணமான புதிதில் சொன்னார். அதற்கும் அன்று எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

லிவர்மோரில் எங்கள் வீட்டிலிருந்து நான்கு வீடு தள்ளி இருக்கிறாள் அவள். பெலாரஸ்காரி. அவள் மகனும் என் மகளும் மூன்றாம் வகுப்பில் ஒன்றாகப் படிக்கிறார்கள். இரண்டு வீட்டு ஆண்களும் விடிவதற்கு முன்பே காரை எடுத்துக்கொண்டு மலையைத் தாண்டி சான்டா கிளாரா பக்கம் வேலைக்குப் போய்விடுவார்கள். நாங்கள் இரண்டு பேரும் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர்கள். மதியம் லேப்டாப்பை மூடிவிட்டுப் பள்ளிக்கு நடந்துபோய்ப் பிள்ளைகளைக் கூட்டி வருவோம். அந்த நடையில்தான் பழக்கம். அவளுக்கும் என்னைப்போலவே இங்கிலீஷ் கொஞ்சம் மேடுபள்ளமாக வரும். அதனாலேயே நன்றாக ஒட்டிக்கொண்டோம்.

ஒருநாள் வழியில் விற்பனைக்கு இருந்த ஒரு வீட்டு வாசலில் ஏஜென்ட்டின் படமும் பெயரும் போட்ட பலகை நட்டிருந்தது. அதைப் பார்த்து நின்று நின்று சிரித்தாள். என்ன என்று கேட்டேன். ஸாய்ட்செவ் என்றால் அவர்கள் மொழியில் முயல் சம்பந்தப்பட்ட பெயராம். "பார், ஒரு முயல் வீடு விற்கிறது" என்றாள்.

அன்றிலிருந்து எங்களுக்கு அது ஒரு விளையாட்டு. அவளுடைய பல் டாக்டர் வோல்க்கோவ், ஓநாய். அவர்கள் ஊர் ரொட்டியும் ஊறுகாயும் வாங்கப் போகும் கடைக்காரர் குசெவ், வாத்து. அவள் கணவருடைய மேனேஜர் கோஸ்லோவ், ஆடு. "ஆட்டுக்கு என் கணவர் வேலை செய்கிறார். ஓநாய் என் பல்லைப் பிடுங்குகிறது" என்பாள். கொசு, காக்கை, புறா, வண்டு என்று அவர்களிடம் இல்லாத உயிரே இல்லை. கல்யாணத்துக்கு முன்பு அவளுடைய பெயர் வொரொபியோவா. குருவி வீட்டுப் பெண்.

எப்படி இப்படி ஒரு தேசத்து மனிதர்கள் எல்லாரும் பறவையும் மிருகமுமாக ஆனீர்கள் என்று கேட்டேன். கடைசியில் வரும் அந்த ஓவ், எவ் எல்லாம் 'இன்னாருடைய' என்று சொல்வதற்காம். ஓநாயுடைய பிள்ளை, முயலுடைய பிள்ளை. அந்த முதல் ஓநாய் யார் என்றால், உண்மையிலேயே ஓநாய் என்று கூப்பிடப்பட்ட ஒரு மனிதன். சில பேருக்கு ஊரே வைத்த பட்டப்பெயர். வேகமாக ஓடினவன் முயல், பிடிவாதக்காரன் கிடா, ஓயாமல் கரைந்தவன் காக்கை. யாரோ ஒருவன் ஏதோ ஒரு சாயங்காலம் கேலியாகச் சொன்னது அவன் பேரன் பேத்திவரைக்கும் ஒட்டிக்கொண்டு, பிறகு சர்க்கார் புத்தகத்தில் ஏறிவிட்டது. வேறு சில பேருக்குப் பெற்றவர்களே வைத்தது. சர்ச்சில் ஞானஸ்நானம் கொடுத்து வைத்த பெயர் ஒன்று, வீட்டில் கூப்பிட மிருகப் பெயர் ஒன்று. வீட்டுப் பெயர் மோசமாக இருந்தால் கெட்டது எதுவும் குழந்தையைத் தேடி வராது என்று ஒரு நம்பிக்கை.

அப்படிச் சொல்லிக்கொண்டு வந்தவள் என் பக்கம் திரும்பினாள். பிறகு, "எங்கள் பெயருக்கு என்ன அர்த்தம் என்று நீ கேட்கவே இல்லையே" என்றாள்.

அவள் கணவர் வீட்டுப் பெயருக்கு அர்த்தம் கரப்பான்பூச்சி. அந்தப் பெயரை நான் இங்கே எழுதமாட்டேன். அர்த்தத்தைச் சொல்லாமல் நடந்ததைச் சொல்ல முடியாது, அதனால் அதை மட்டும் சொல்கிறேன்.

அவளுடைய மாமனார் அந்தக் கதையைக் கல்யாணத்தன்று எல்லார் முன்னாலும் எழுந்து நின்று சொன்னாராம். அவருடைய முப்பாட்டன்களில் ஒருவருக்குக் குழந்தைகள் பிறந்து பிறந்து செத்துக்கொண்டே இருந்தன. கடைசியாக ஒரு பையன் பிறந்தபோது தாய்க்காரி பாதிரியார் வைத்த பெயரை வெளியே சொல்லவே இல்லை. பனியிலும் சாகாத, பட்டினியிலும் சாகாத கரப்பானின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். சாவு வந்து பார்த்துவிட்டு, இங்கே பிள்ளை எதுவும் இல்லை, பூச்சிதான் இருக்கிறது என்று திரும்பிப் போய்விட்டது. அந்தப் பையனுடைய வம்சம்தான் இவர்கள்.

 எங்கள் பக்கத்திலும் உண்டு என்றேன். குழந்தை தங்காத வீட்டில், பிறந்த பிள்ளையைக் குப்பைமேட்டில் போட்டு எடுத்து, குப்பு என்று பெயர் வைப்பார்கள். என் பெரியப்பாவுக்கு அப்படித்தான் வைத்தார்கள், எண்பது வயதுவரை இருந்தார் என்றேன். அவள் நடு நடைபாதையில் நின்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "அப்படியென்றால் சாவு உங்கள் ஊரிலும் அதே மாதிரி ஏமாந்திருக்கிறது" என்றாள்.

அன்றைக்கு அவள் இன்னொன்றும் சொன்னாள். கதை பெருமைதான், ஆனால் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கதை தெரியாதே. அவள் கணவரைச் சின்ன வயதில் காலால் நசுக்குகிற மாதிரி நடித்துக்காட்டி அழவைப்பார்களாம். இங்கே வந்த பிறகுதான் நிம்மதி. வாத்தியார்கள் உச்சரிக்கத் திண்டாடுகிறார்கள், அவ்வளவுதான். "இங்கே அது வெறும் சத்தம். என் மகன் அதைக் கேட்டுத் தலைகுனிய வேண்டியதில்லை" என்றாள். யாரிடமும் சொல்லாதே என்று அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

அதற்கப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு, தெரிந்தவர்கள் வீட்டில் பாட்லக், ஆளுக்கொன்று சமைத்துக் கொண்டுபோகும் விருந்து. அலுமினியம் ட்ரேயில் லெமன் ரைஸ், யாரோ செய்த கத்திரிக்காய் வதக்கல், என்னுடைய தயிர்சாதம். பிள்ளைகள் கார்பெட்டில் உட்கார்ந்து ஆளுக்கொரு ஐபேடை வைத்துக்கொண்டிருந்தார்கள். புதிதாக அபார்ட்மென்ட் மாறின ஒரு பெண் கிச்சனில் கரப்பான் தொல்லை என்று புலம்ப ஆரம்பித்தாள்.

"உங்க வீட்டுலயாவது ஓசியில இருக்கு அக்கா. எங்க தெருவுல ஒரு கரப்பான் ஃபேமிலி மாசாமாசம் மார்ட்கேஜ் கட்டுது" என்றேன்.

எல்லாரும் திரும்பினார்கள். அதற்கு மேல் என்னைப் பிடிக்க முடியுமா?

"நெஜமாத்தான். லாஸ்ட் நேமே கரப்பான்பூச்சி. பெஸ்ட் கன்ட்ரோலுக்கு கால் பண்ணா போலீஸ் வந்துடும்!"

"ஐயோ, யாருடி அது? அந்த மஞ்ச முடி பையனோட அம்மாவா?"

"அவங்களேதான். அந்தப் பையன் ஸ்கூல்ல ஃபர்ஸ்ட் பெஞ்ச் கரப்பான்."

ஒருத்திக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. அந்த வீட்டு அங்கிள், "இந்தப் பொண்ணு இல்லைன்னா பாட்லக் போரடிச்சிடும்" என்றார். எனக்கு வயிறு நிறைந்துவிட்டது. செத்துப்போன குழந்தைகளைப் பற்றி நான் அங்கே சொல்லவில்லை. என் பெரியப்பாவைப் பற்றியும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சிரிப்பு நின்றிருக்கும். எதைச் சொல்வது எதை விடுவது என்று எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது, அதுதான் இப்போது நினைத்தால் கூசுகிறது.

தமிழில் பேசினால் நாலு சுவருக்குள் பேசின மாதிரி என்று எங்களுக்கெல்லாம் ஒரு நினைப்பு. லிஃப்டில் பக்கத்தில் நிற்பவரின் தொப்பையைப் பற்றிப் பேசுவோம், கடையில் பில் போடும் பெண்ணின் நகத்தைப் பற்றிப் பேசுவோம். பிள்ளைகள் இங்கிலீஷிலேயே பதில் சொல்லிச் சொல்லி, அவர்களும் லிஃப்டில் நிற்கிற ஆள் மாதிரி ஆகிவிட்டார்கள். நாம் பேசுவது அத்தனையும் அவர்களுக்குப் புரியும் என்பது, அவர்களைத் திட்டும்போது மட்டும்தான் நமக்கு ஞாபகம் வரும்.

திரும்பி வரும்போது பின் சீட்டிலிருந்து என் மகள் கேட்டாள். "அம்மா, இஸ் இட் ட்ரூ? ஹிஸ் நேம் மீன்ஸ் காக்ரோச்?"

"பெரியவங்க பேசும்போது ஒட்டுக் கேக்கக்கூடாதுன்னு எத்தனவாட்டி சொல்லியிருக்கேன்" என்று அதட்டினேன். வெளியே சொல்லாதே என்றுகூடச் சொல்லவில்லை. அந்தக் கதையை அவளுக்காவது முழுசாகச் சொல்லியிருக்கலாம்.

என் மகள் யாரிடமும் சொல்லவில்லை. அவன் அவளுக்கு நல்ல சிநேகிதன். ஆனால் அந்தக் கார்பெட்டில் அதே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வேறு மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். அந்த வாரமே விளையாட்டு மைதானத்தில் அவன் பெயர் ரோச் ஆகிவிட்டது. அவன் வந்தால் காலைத் தரையில் தேய்த்து நசுக்கிக்காட்டினார்களாம். அவன் அப்பாவுக்கு அந்த ஊரில் செய்ததை இந்த ஊரில் யாரும் சொல்லிக்கொடுக்காமலே செய்திருக்கிறார்கள். என் மகள் இதை ராத்திரி சாப்பாட்டின்போது சொன்னாள். 

பள்ளி வாசலில் அவனைப் பார்த்தேன். லஞ்ச் பையில் அவன் அம்மா அழகாக எழுதி ஒட்டியிருந்த பெயரைக் கறுப்பு மார்க்கரால் அடித்திருந்தான். முதல் பெயர் தெரிந்தது. இரண்டாவது பெயர் இருந்த இடம் துணி நனைகிற அளவுக்குக் கறுப்பு. என்னைப் பார்த்து எப்போதும்போல "ஹாய் ஆன்ட்டி" என்றான். எங்கள் வீட்டுக்கு வந்து வந்து அந்த ஆன்ட்டியைக் கற்றுக்கொண்டிருந்தான். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

மதிய நடையில் அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று தினமும் கிளம்புவேன். அவள் வாத்தியாரைப் பார்த்தது, பையன் காலையில் வயிற்றுவலி என்று படுத்துக்கொள்வது எல்லாம் சொல்லுவாள். நான் மென்று முழுங்கிக்கொண்டு, "பாவம்" என்பேன். அந்த வார்த்தையை அவளுக்கு நான்தான் கற்றுக்கொடுத்திருந்தேன். அவளும் "பாவம்" என்பாள்.

போன வாரம் மாலையில் எங்கேயோ போய்விட்டு வரும் வழியில் அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். பையன் காரிலேயே உட்கார்ந்திருந்தான். என் மகள் கிச்சன் கவுன்ட்டரில் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். என் சிநேகிதிக்கும் அவள் கணவருக்கும் சிட்டிசன்ஷிப் அப்ரூவ் ஆகிவிட்டதாம், அடுத்த மாதம் உறுதிமொழி எடுக்கப் போகிறார்கள். நான் கட்டிப்பிடித்து வாழ்த்துச் சொன்னேன். அவள் என் தோளிலேயே முகத்தை வைத்துக்கொண்டு சொன்னாள். அத்தோடு பெயரையும் மாற்றிக்கொள்கிறோம், பையனுக்கும் சேர்த்து. புதுப் பெயரை அவனே தேர்ந்தெடுத்திருக்கிறான். சின்னப் பெயர், அதில் எந்த உயிரும் இல்லை.

"உன் மாமனார்?" என்றேன்.

அவரிடம் இன்னும் சொல்லவில்லையாம். அவர் போனில் பேரனைக் கூப்பிடுவதே அந்தப் பெயரைச் சொல்லித்தான். கிழவர் உயிரோடு இருக்கும்வரை சொல்லப்போவதில்லை என்றாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, பிள்ளைகள் இன்டர்நெட்டில் தேடியிருப்பார்கள், யாரைக் குற்றம் சொல்ல என்றாள். "அர்த்தம் தெரிந்தவள் இங்கே நீ ஒருத்திதான். அது எவ்வளவு ஆறுதல் தெரியுமா? உன்னிடமாவது அந்தக் கதை இருக்கும்."

இதுதான் நேரம். வாயைத் திறந்தேன். எதற்கும் சும்மா இருக்காத வாய் அது. ஒரு சத்தம் வரவில்லை.

கவுன்ட்டரிலிருந்து என் மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறந்ததிலிருந்து நான் தமிழில் எது கேட்டாலும் இங்கிலீஷில் பதில் சொல்கிறவள், மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைத்துச் சொன்னாள்.

"அம்மா, நீதானே சொன்னே. பாட்லக்ல."

தமிழ் எதற்குப் பயன்படும் என்று நாங்கள் காட்டினோமோ அதற்கே அவள் அதை எடுத்தாள். பக்கத்தில் நிற்பவளுக்குத் தெரியாமல், எனக்கு மட்டும்.

என் சிநேகிதி கண்ணீரோடு சிரித்தாள். அட, இவள் தமிழ் பேசுகிறாளே, எவ்வளவு அழகாக இருக்கிறது, என்ன சொன்னாள் என்று கேட்டாள்.

"பசிக்கிறதாம்" என்று இங்கிலீஷில் சொன்னேன். என் மகளின் தட்டில் பாதித் தோசை அப்படியே இருந்தது. அவள் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்து தன் அறைக்குப் போய்விட்டாள்.

உறுதிமொழிக்கு இன்னும் நாள் இருக்கிறது. போய்ச் சொல்லிவிடலாம். சொன்னால் அந்தப் பெயர் நிற்கும் என்றில்லை, ஆனால் தன் பிள்ளையை யார் நசுக்கினார்கள் என்றாவது அவளுக்குத் தெரிய வேண்டும். தினமும் மதியம் அவளோடு நடக்கிறேன். அவளிடம் சொல்ல வேண்டியதை எல்லாம் வீட்டுக்கு வந்து இங்கே எழுதுகிறேன், அவளுக்குப் படிக்கத் தெரியாத தமிழில்.