குரலை மிச்சம் பிடித்தவன்

என் முதல் ஆல்பம் வெளிவந்த அன்று என்னால் ஒரு வார்த்தை பேச முடியவில்லை. கடலூரில் வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, வாழ்த்துச் சொன்ன மியூசிக் கம்பெனிக்காரர்களுக்கெல்லாம் கட்டைவிரல் பொம்மையை அனுப்பிக்கொண்டிருந்தேன். பாடகனுக்கு வந்த வாழ்வைப் பாருங்கள்! என் மனைவியே முதலில் சிரித்தாள். பிறகுதான் அழுதாள்.

புதுச்சேரி பார்களில் பல வருஷம் ராக் பாடியவன் நான். வெள்ளி, சனி, ஞாயிறு. கிதார் அலறும், டிரம்ஸ் இடிக்கும், மேஜைக்கு மேஜை ஆர்டர் கத்துவார்கள். அத்தனைக்கும் மேலே என் குரல் ஏற வேண்டும். முக்கால்வாசி இங்கிலீஷ் பாட்டு. கடைசியில், ஆட்கள் எதையும் மன்னிக்கிற போதைக்கு வந்த பிறகு, நானே எழுதிய தமிழ்ப் பாட்டுகள்.

எங்களைப் போன்ற பாட்டுக்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு, குரலை மிச்சம் பிடிப்பது. வியாழக்கிழமையே வாயை மூடிவிடுவேன். பகலில் அண்ணனின் டைல்ஸ் கடையில் ஜாடையிலேயே வியாபாரம். வீட்டில் எல்லாமே மெசேஜ். எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே, “உப்பு ஜாஸ்தி” என்று டைப் அடிப்பேன். அவள் போனைப் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பாள்.

“குடிகாரனுக்கெல்லாம் கச்சேரி, கட்டுனவளுக்கு மெசேஜா? நல்லா இருக்கு மாமா உன் நியாயம்!”

திங்கட்கிழமை வந்தால் வாய் திறக்கும். அதுவரை சேர்த்து வைத்ததையெல்லாம் சேர்த்துச் சண்டை போடுவோம். ஆனால் வாய்ஸ் மெசேஜ் என்று ஒன்றை அவளுக்கு நான் அனுப்பியதே கிடையாது.

பிறகு குரல் கரகரக்க ஆரம்பித்தது. பயந்தேனா? பயப்பட யார் விட்டார்கள்! எங்கள் டிரம்ஸ்காரன் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, “மச்சான், கொரலு பழுத்துடுச்சுடா! இதுக்குத்தான்டா இத்தன வருஷமா காத்துக்கினு இருந்தோம்” என்றான். நானும் அப்படித்தான் நினைத்தேன். பாருக்குக் குடிக்க வந்த ஒரு பெரிய மியூசிக் கம்பெனி ஆளும் அந்தக் கரகரப்பில்தான் விழுந்தார். முழு ஆல்பம், எல்லாம் என் பாட்டு என்றார். கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

அவள் மட்டும் நம்பவில்லை. “சளியா இருந்தா இந்நேரம் போயிருக்கணும். இது போவல” என்று அவள் பிறந்த ஊரான சிதம்பரத்துக்கு இழுத்துப் போய் ஒரு டாக்டரிடம் உட்கார வைத்தாள். குழாய் விட்டுப் பார்த்தார். சதையைக் கிள்ளிச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்ததும் சுற்றி வளைக்காமல் சொன்னார்:

“புத்துநோய். குரல்வளைய எடுத்துடணும். உயிரு நிக்கும். குரல் நிக்காது.”

கம்பெனி ஆசைப்பட்டது என் குரலுக்கு இல்லை, கரகரப்பைக் கொடுத்த அந்தக் கட்டிக்கு. யாரிடம் போய்ச் சொல்வது இதை? ஆல்பத்தை முடித்துவிட்டு வருகிறேன் என்று டாக்டரிடம் கெஞ்சினேன். அவர் முகம் சுளித்தார். வற்புறுத்தியதும் ஒரு தேதியைச் சொல்லி, அதற்குமேல் தான் பொறுப்பில்லை என்றார்.

வெளியே தெற்கு வீதியில், பூக்காரம்மாக்கள் பார்க்கிறார்களே என்றுகூட இல்லாமல் அவள் கத்தினாள். “உசுரு பெருசா, பாட்டு பெருசா?”

“எப்படியும் போவப்போற கொரலுடி. ஒரு எடத்துல பத்திரமா வச்சிட்டுப் போறேனே” என்றேன்.

பஸ் கடலூரைத் தொட்டது. இறங்கும்போது, “டாக்டர் சொன்ன தேதிய ஒரு நாள் தாண்டினாலும் நான் மனுஷியா இருக்க மாட்டேன்” என்றாள்.

சென்னை ஸ்டூடியோவில் வெறி பிடித்துப் பாடினேன். எச்சிலில் ரத்த ருசி. பாரில் பாட்டுக்கு நடுவே ஜனங்களோடு வாயாடிப் பழகியவன், அங்கே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த ரெக்கார்டிங்காரரிடம் வாயாடினேன். “சார், டீ வருமா, இல்ல நானே போய் போட்டுக்கினு வரட்டா?” “சீக்கிரம் முடிங்க சார், வீட்டுக்காரி வெளக்கமாறோட நிக்கிறா.” அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். இதையெல்லாம் போனில் அவளுக்கு மெசேஜாக அடித்து அனுப்புவேன்.

கடைசிப் பாட்டு முடிந்து வீடு வந்த கையோடு தொண்டை அடைத்துக்கொண்டது. வெறும் காற்றுதான் வந்தது. எங்களுக்கு அது பெரிதாகவே படவில்லை. ஆல்பத்தில்தான் எல்லாம் இருக்கிறதே என்று இரண்டு பேருமே நிம்மதியாக இருந்தோம். சொன்ன தேதியில் சிதம்பரத்தில் ஆபரேஷன் நடந்தது. அதற்குப் பிறகு என் மூச்சு கழுத்தில் போட்ட ஓட்டை வழியாகப் போய் வருகிறது.

ஆல்பம் வந்தது. மஞ்சக்குப்பத்து டீக்கடையில்கூடப் போட்டார்களாம். அவள் கதவைச் சாத்திக்கொண்டு முழுவதையும் கேட்டாள். வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“நல்லாத்தான் இருக்கு மாமா. ஆனா இது யாரோ. ‘எங்கடி போய்த் தொலஞ்ச’ன்னு என்ன கூப்புடுற ஆளு இதுல இல்லியே.”

ரெக்கார்டிங்காரருக்கு அவளே போன் போட்டாள். ஸ்பீக்கரில் நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

“சார், பாட்டுக்கு நடுவுல அவரு பேசிக்கினு இருந்தாராமே. டீ கேட்டது, சிரிச்சது, என்ன கிண்டல் பண்ணது. அது மட்டும் குடுத்தாப் போதும்.”

அவர் இழுத்தார். “அக்கா, அதெல்லாம் வேலைக்கு ஆவாதுன்னு அப்பவே அழிச்சிட்டோமே...”

“சரிங்க” என்று வைத்துவிட்டாள். நான் கட்டில் சட்டத்தில் கை வலிக்கக் குத்தினேன். வேறு எப்படிக் கத்துவது?

அதற்குப் பிறகு ஆல்பத்தைப் பற்றி நாங்கள் பேச்செடுக்கவில்லை. போன வாரம் அவள் அடுப்படியில் மீன் வறுத்துக்கொண்டிருந்தாள், காதில் இயர்போன். போனை அடிக்கடி தொட்டாள். என்னவோ பாட்டு என்று பக்கத்தில் போனேன். ஒன்றைக் கழற்றி என் காதில் வைத்தாள். என் பாட்டுதான். கிதார் இல்லை, டிரம்ஸ் இல்லை, முதல் வார்த்தைக்கு முன்னால் வாயால் நான் மூச்சை இழுக்கிற சத்தம். அதை வெட்ட மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது. பாட்டு ஆரம்பிப்பதற்குள் அவள் நிறுத்திவிட்டாள். மறுபடி முதலிலிருந்து போட்டாள். மறுபடி நிறுத்தினாள்.

“என்னத் திட்டறதுக்கு முன்னாடி இப்படித்தான் மாமா மூச்ச இழுப்ப” என்றாள்.