கொல்லங்கோட்டுக் கூடாரத்தில் ஜெர்மன் படம்

கொல்லங்கோட்டுச் சந்தைத் திடலில் படக் கூடாரம் போட்டிருந்த அந்த மாசி மாதத்தில், எங்கள் மாமாவைப் போல் பெரிய மனிதர் உலகத்திலேயே இல்லை என்று நினைத்தேன். எனக்கு எட்டு வயது. படங்கள் பேசாத காலம். திரைக்குப் பக்கத்தில் பிரம்போடு நின்று கதை சொல்வது மாமாவின் வேலை.

அந்த வாரம் ஜெர்மன் படம் வந்தது. இடையிடையே வந்த எழுத்துகளை மாமாவாலும் வாசிக்க முடியாது. ரொட்டி சுடுபவரின் மகன் சண்டைக்குப் புறப்படுவதையும், அவன் அம்மா ரயிலடியில் கையசைப்பதையும் பார்த்தே அவர் கதை கட்டிவிட்டார். ஜெர்மன்காரர்கள் நம் சர்க்காரோடு சண்டை போட்டவர்கள் அல்லவா? அதனால் அவர்களைக் கோமாளிகளாக்கினார். பிரான்சு தேசத்துச் சேற்றுக் குழியில் அந்தப் பையன் விழுந்தபோது, "பாருங்க, எருமை குட்டைல எறங்குது" என்றார். கூடாரமே சிரித்தது. எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தது நான்தான்.

பக்கத்திலிருந்த பெரியம்மா எழுந்து நின்றாள். மாமாவுக்கு மூத்தவள். வெள்ளைச் சேலைக்காரி படம் பார்க்க வருவதே தப்பு என்று பின்னால் ஏற்கெனவே முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள்.

"தம்பி, விழுந்த பையன் இன்னும் எந்திரிக்கல. அவங்கம்மா அங்க காத்துட்டு இருக்கறா. இதுல சிரிக்கறதுக்கு என்ன இருக்குது?"

மாமா பிரம்பைக் கீழே வைத்தார். "தப்புதானுங்கக்கா" என்றார், அத்தனை பேர் முன்னால்.

பிறகு அவர் கதை சொன்ன விதமே வேறு. "அந்த ஊர்லயும் விடிஞ்சா அடுப்புப் பத்த வெக்கறாங்க. மகன் வருவான்னு ஒரு ரொட்டிய எடுத்து வெக்கறாங்க. தபால்காரர் வாசல்ல நிக்கறாருங்க. அந்தம்மா கதவத் தொறக்கமாட்டேங்கறா." படத்துக்கு மத்தளம் வாசிப்பவர்கூட அடிக்க மறந்து உட்கார்ந்திருந்தார். முகம் தெரியாத ஒரு தேசத்தை நாலு வார்த்தையில் எங்கள் பக்கத்து வீடாக்கிய மனிதரை அதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை.

அடுத்த இரண்டு நாளும் பெரியம்மா என்னை மாலை ஆட்டத்துக்குக் கூட்டிப் போனாள். ஆனால் படத்தில் அந்த அம்மா வரும் இடங்களில் தலை குனிந்துகொண்டாள். சேற்றுக் குழிகளும் முள்கம்பியும் மொட்டை மரங்களும் வந்தால்தான் நிமிர்ந்தாள்.

திரும்பும் வழியில் கேட்டேன். "வெறும் சேத்த எதுக்குப் பெரியம்மா அப்படிப் பாக்கறீங்க?"

"உங்க பெரியப்பாவ அங்கதான் பொதச்சாங்களாம் கண்ணு. அந்த எடம் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாம இருந்துச்சு."

பிரான்சு சண்டையில் குழி வெட்டவும் மூட்டை சுமக்கவும் சர்க்கார் ஆள் எடுத்தபோது பெரியப்பா சேர்ந்து கப்பலேறியது நான் பிறக்கும் முன்பு. பார்த்தே இராத ஒருவருக்காக வருத்தப்பட எனக்குத் தெரியவில்லை. சேற்றைவிட அந்த ரயில் எவ்வளவு அழகு என்று வீடு வந்து சேரும்வரை விவரித்துக்கொண்டே வந்தேன். பெரியம்மா என் கையைப் பிடித்தபடி, ஒவ்வொன்றுக்கும் "ஆமாங் கண்ணு" என்று சொல்லிக்கொண்டே நடந்தாள்.