படங்கு போடாத விறகு

“இனி இந்த வீட்டுக்குள்ள காஸ் வாறதெண்டால், என்ர சவப்பெட்டி வெளிக்கிட்ட பிறகுதான் வரும்!”

பேசாலைச் சிங்கராசா தன் முற்றத்தில் நின்று, தெருவுக்கே கேட்கும்படி இதைப் பிரகடனம் செய்தது இரண்டாயிரத்து இருபத்திரண்டில். செய்வதற்கு அவருக்குப் பூரண உரிமை இருந்தது. தொழிலுக்குப் போகாமல் வெற்றுச் சிலிண்டரோடு சந்தியில் கலந்தரின் கடை வரிசையில் மூன்று நாள் காய்ந்தவர் அவர். நாலாம் நாள் ‘காஸ் இல்லை’ என்று ஒரு மட்டையைத் தொங்கவிட்டார்கள். ஏன் இல்லை, எப்போது வரும் என்று சொல்ல ஒரு மனிதப் பிறவியும் வெளியே வரவில்லை. மட்டையோடு எப்படிச் சண்டை பிடிப்பது?

அன்று தூக்கினார் கோடாலியை. மாமனார் சீதனமாகக் கொடுத்த காணியில் உடைமரத்தைத் தவிர வேறெதுவும் முளைத்ததில்லை. இவ்வளவு காலமும் மாமனாரைத் திட்டியவர், அன்றிலிருந்து அவருக்குப் பூசை ஒப்புக்கொடுக்கத் தொடங்கினார். வெட்டினார், முள் கழித்தார், வீட்டுக்குக் கொண்டுவந்து கொத்தினார். குந்தியிருந்து கொத்துவதற்கு ஆசனம் அதே வெற்றுச் சிலிண்டர்தான். மேலே ஒரு சாக்கு. எதிரியின் தலையில் குந்தியிருக்கும் சுகம் கதிரையில் வராது.

கொத்திய விறகைத் தெருவோரமாக நெஞ்சளவு உயரத்துக்கு அடுக்கினார். ஊர்க் கழுதைகள் அதில் முதுகு தேய்த்துவிட்டுப் போயின. அதையும் அவர் மரியாதையாகவே எடுத்துக்கொண்டார். மனைவி யசிந்தா மட்டும் காஸ் அடுப்பைப் பழைய சீலையில் சுற்றி அலுமாரிக்கு மேல் பத்திரமாக வைத்தாள்.

போன கார்த்திகையில் மகள் அஞ்சலா பிள்ளைப்பேற்றுக்கு வந்தாள். பேத்தி பிறந்தாள்.

“மழை இருட்டுது. படங்கை எடுத்து விறகை மூடுங்கோவன்” என்றாள் யசிந்தா.

“மூடினா ஆர் பாக்கிறது? உடை விறகு மழை குடிக்காது.”

இந்தச் செய்தி மழைக்கு எட்டவில்லை. ஐந்து நாள் கொட்டியது. விறகு வயிறு முட்டக் குடித்தது.

பிள்ளைப் பெற்றவளுக்குத் தினமும் கொதிதண்ணீர் வார்க்க வேண்டும். அடுப்பிலோ புகையைத் தவிர வேறெதுவும் இல்லை. சிங்கராசா கொதித்தார்; தண்ணீர் கொதிக்கவில்லை. நெருப்புப்பெட்டி செய்தவனைத் திட்டினார், வானிலை சொன்ன றேடியோவைத் திட்டினார், காணி கொடுத்த மாமனாரை மறுபடி திட்டினார். வேலிக்கு அப்பால் கிறகரி தலையை நீட்டினான்.

“சிங்கராசாண்ணை, உங்கட குசினியில பாப்பரசரைத் தெரிவு செய்யினமோ? மூண்டு நாளாக் கறுப்புப் புகைதான் வருது!”

“உன்ர வாய்க்குள்ள இந்தக் கட்டையை வைச்சா டக்கெண்டு பத்தும்!”

குழந்தை தும்மியது. பிறகு இருமியது. சனிக்கிழமை அஞ்சலா உடுப்புகளை மடிக்கத் தொடங்கினாள்.

“அப்பா, நாளைப் பின்னேரம் நான் நானாட்டானுக்கு மாமி வீட்டை போறன். அங்க காஸ் இருக்கு.”

“பிறந்து முப்பத்தொரு நாள் முடியாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டோ? ஊர் என்ன சொல்லும்?”

“ஊர் சொல்லட்டும். பிள்ளைக்கு மூச்சு விட ஏலாமல் கிடக்கு.”

சிங்கராசாவுக்குத் திட்டுவதற்கு ஆள் மிச்சமிருக்கவில்லை. பேத்தியின் குட்டிச் சட்டை ஒன்று பைக்குள் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஞாயிறு காலை அவருக்குத் திடீரென்று வயிற்றுவலி வந்தது. யசிந்தாவும் கிறகரியும் மற்றச் சனமும் பூசைக்குப் போன பிறகு, வந்த வேகத்தில் போயும் விட்டது. சந்தியில் கலந்தரின் கடை திறந்திருந்தது. ஆளில்லாத தெருவால் சைக்கிள் போனது, வந்தது. பின் கரியரில் ஏதோ உருண்டையாக, கனமாக. அதன்மேல், மழைத்துளி ஒன்றும் படாதபடி, படங்கு நாலு பக்கமும் இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது.

பூசை முடிந்து யசிந்தா வந்தபோது குசினியில் புகை இல்லை. அஞ்சலா ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். உடுப்புப் பை கட்டிலுக்குக் கீழே கிடந்தது. அலுமாரிக்கு மேல் பழைய சீலை மட்டும் இருந்தது.

யசிந்தா முற்றத்தை எட்டிப் பார்த்தாள். சிங்கராசா விறகு கொத்திக்கொண்டிருந்தார். நின்றபடி.