வாயில் அடக்கிய மோதிரம்

கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த, கார் வயரிங் வேலை பார்க்கும் மெக்கானிக் பாஸ், பேட்டரியில் கை வைக்குமுன் கல்யாண மோதிரத்தைக் கழற்றி வாயில் அடக்கிக்கொள்வார். மோதிரம் டேர்மினலில் பட்டால் விரல் வெந்துவிடுமாம்.

அன்று வெள்ளவத்தையில், எங்கள் பிளாட்டின் ஒடுங்கிய பார்க்கிங்கில், என் காருக்கு அவர் புது ஹோர்ன் பூட்டும்போது பேட்டரியிலிருந்த ஸ்பேனர் வழுக்கிக் கார் பாடியில் பட்டது. ஒரு நீலப் பொறி. கார் அப்படியே அணைந்துபோனது. கரண்ட் இல்லாமல் ஆட்டோ கியரும் அசையவில்லை, தள்ளி நகர்த்தவும் வழியில்லை. பின்னால், சுவருக்கும் என் காருக்கும் நடுவே, மாடிவீட்டு அக்காவின் கார். மகளை எயார்போர்ட்டில் விடப் புறப்பட்டவர்.

"வாயில என்ன கொழுக்கட்டையே? பிளைட் போகப்போகுது, ஏதும் சொல்லுங்கோவன் பாஸ்!" என்று கத்தினார்.

பாஸ் வாய் திறக்கவில்லை. கடல் வெக்கையில் நெற்றி வழிய, டெஸ்ட் லாம்பால் வயர் வயராகத் தொட்டுப் பார்த்தார். பேட்டரியில் எரிந்த லாம்ப், மெயின் பியூஸுக்கு அப்பால் எரியவில்லை. பியூஸை மாற்றியதும் டாஷ்போர்ட் விழித்தது. நான் காரை எடுத்து வழிவிட்டேன், அக்கா பறந்தார்.

"இனி மோதிரத்தைப் போடுங்கோ," என்றேன்.

வாயைத் திறந்து காட்டினார். வெறும் நாக்கு.

"ஸ்பார்க் அடிக்கேக்கையே விழுங்கிட்டன். சொன்னா, காரை விட்டுட்டு என்னையெல்லோ ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பியள்."

இப்போதும் அந்த ஹோர்னை அடிக்கும்போதெல்லாம் எச்சிலை ஒருமுறை விழுங்கிப் பார்த்துக்கொள்கிறேன்.